செயற்கூறும் சார்பும்: ஒரு நிரல் மரபு தமிழ்ப் பாடநூலுக்கு வந்த வரலாறு

ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்கினால், அதனைக் கலைச்சொல்லாக்கத்தின் குழப்பம் என்று சொல்லி வருந்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 'ஃபங்ஷன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் இயல் 'உறவுகளும் சார்புகளும்'. அங்கே அது சார்பு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் இயலும் அதே ஃபங்ஷனைப் பற்றியதுதான். அங்கே அது செயற்கூறு. ஒரே மாணவி இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒன்றையே இரண்டு பெயர்களில் படிக்கிறாள். இது குழப்பமன்றோ என்று கேட்கலாம்.

அன்று என்பதே நம் கருத்து. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவுதான் கடந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுக் கணினி வரலாற்றின் ஒரு பெரும் வழக்கு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் புதைந்துகிடக்கும் அவ்வழக்கைத் தமிழ் தன்னையறியாமலே இரண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டது. சார்பு என்பது சார்ந்திருத்தல்: விளைவு உள்ளீட்டை மட்டுமே சார்ந்து நிற்கும். செயற்கூறு என்பது செயல் செய்யும் கூறு: அது எதையேனும் மாற்றும், எழுதும், அழிக்கும். முன்னதில் காலம் இல்லை. பின்னதில் 'முன்', 'பின்' உண்டு. இந்த வேறுபாட்டின் மீது எழுந்த நிரலாக்க மரபு எங்கே தோன்றியது, இன்று உலகின் ஒவ்வோர் உலவியிலும் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் அது எப்படி நுழைந்தது, நம் அரசுப் பள்ளிப் பாடநூலுக்கு எப்படி வந்தது, வந்தபின் என்ன ஆயிற்று என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

*

கணினி என்னும் பொறி உருவாவதற்கு முன்பே அதன் கோட்பாடு உருவாகிவிட்டது. 1936இல் இருவர் தனித்தனியே ஒரே கேள்விக்கு விடை தேடினர்: இயந்திரத்தனமாகக் கணக்கிடத்தக்கது எது? இங்கிலாந்தின் ஆலன் டூரிங் ஒரு கற்பனைப் பொறியைப் படைத்தார். நீண்ட நாடா ஒன்றின் மீது அப்பொறி குறிகளை எழுதும், அழிக்கும், நகரும். பிரின்ஸ்டனில் இருந்த அலோன்சோ சர்ச் பொறி எதையும் படைக்கவில்லை. சார்பை வரையறுத்தல், சார்புக்கு உள்ளீடு கொடுத்தல் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு ஒரு கணக்கியலை அமைத்தார். அதுவே லாம்டா கணிதம். இரண்டும் ஒரே ஆற்றலுடையவை என்று விரைவிலேயே நிறுவப்பட்டது. டூரிங்கின் வழி செயற்கூறின் வழி என்றும், சர்ச்சின் வழி சார்பின் வழி என்றும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

பொறிகளைக் கட்டியவர்கள் முதல் வழியையே பின்பற்றினர். நினைவகத்தின் ஓர் அறையில் எண்ணை வை, எடு, கூட்டு, மீண்டும் வை. 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் இந்த மனப்பாங்கின் முதற்பெரும் வெற்றி. அதற்கடுத்த ஆண்டே எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். 1960இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. சர்ச்சின் லாம்டா என்ற குறியீட்டை லிஸ்ப் கடன் வாங்கிக்கொண்டது. ஒரு சார்பை இன்னொரு சார்புக்கு உள்ளீடாகக் கொடுக்கலாம் என்ற கருத்து அவ்வழியே நிரலாக்கத்துக்குள் வந்தது.

இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் உண்டு. ஃபோர்ட்ரானுக்காகவும் பிற பணிகளுக்காகவும் 1977இல் டூரிங் விருது பெற்ற ஜான் பேக்கஸ், விருதுரையில் தன் வாழ்நாள் பணியின் அடித்தளத்தையே கேள்விக்குட்படுத்தினார். ஒவ்வொரு சொல்லாக நினைவகத்தில் எடுத்தும் வைத்தும் எழுதும் முறை நிரலாளரின் சிந்தனையையே குறுக்கிவிட்டது, சார்புகளை ஒன்றோடொன்று இணைத்து நிரலை அமைக்கும் முறையே விடுதலை தரும் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தப் பேக்கஸின் பெயரில் வழங்கும் இலக்கணக் குறியீட்டு முறைக்குப் 'பாணினி–பேக்கஸ் வடிவம்' என்று பெயரிடலாம் என 1967இல் பீட்டர் இங்கர்மன் என்பவர் முன்மொழிந்ததை மொழியியல் ஆர்வலர்கள் அறிந்திருக்கலாம்.

1970களில் ராபின் மில்னரின் எம்.எல்., 1985இல் டேவிட் டர்னரின் மிராண்டா என்று சார்பு வழி மொழிகள் பெருகின. ஆளுக்கொரு மொழி ஆயிற்று. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கூடிய ஆய்வாளர்கள் பொதுவான ஒரு மொழியை உருவாக்குவது என்று முடிவு செய்தனர். 1990இல் ஹாஸ்கெல் வெளிவந்தது. அம்மொழியின் முதல் அறிக்கையில் பெயர் இடம்பெற்ற பதினைவருள் இருவர் இந்தியர்: எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அர்விந்த், ரிஷியூர் நிகில். இருவரும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர்கள். 2024இல் மறைந்த அர்விந்த், 'ஐடி' என்ற சார்பு வழி மொழியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். உள்ளீடு வந்து சேர்ந்த உடனேயே கணக்கிடத் தொடங்கும் தரவோட்டக் கணினிகளுக்கான மொழி அது.

இந்த ஓடை சுற்றி வளைந்து சென்னைக்கும் வந்தது. அர்விந்தின் ஆய்வு வட்டத்திலிருந்து கிளைத்த பிளூஸ்பெக் மொழி, கணினிச் சில்லுகளை வடிவமைப்பதற்கு உரியது. லெனார்ட் அகஸ்ட்சன் அமைத்த அதன் முதல் வடிவம் ஹாஸ்கெலின் சாயலுடையது. அதன் நிரல்பெயர்ப்பியும் ஹாஸ்கெலில் எழுதப்பட்டதே. சென்னை ஐ.ஐ.டி.யில் வீ. காமகோடி முதலியோர் உருவாக்கிய 'சக்தி' நுண்செயலிகள் இந்தப் பிளூஸ்பெக்கில்தான் எழுதப்பட்டன. 2018இல் அவற்றுள் ஒன்று இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், இன்னொன்று சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் சில்லுகளாயின. சென்னை கணிதவியல் கழகமோ வேறொரு வழியில் இம்மரபை வளர்த்தது. 1989இல் தொடங்கப்பெற்ற அக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கு நிரலாக்கத்தின் முதற்பாடமே ஹாஸ்கெலில் அமைந்தது. பின்னாளில் அதன் இயக்குநரான மாதவன் முகுந்தும், எஸ்.பி. சுரேஷும் ஹாஸ்கெல் குறித்து நடத்திய என்.பி.டி.இ.எல். பாடம் இணையத்தில் எவருக்கும் கிடைக்கிறது. சார்பு வழி நிரலாக்கம் நமக்குத் தொலைதூரச் சரக்கு அன்று என்பதற்கு இவை போதும்.

*

இனி ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வருவோம். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் பிரெண்டன் ஐக் என்பவரைப் பணிக்கு அழைத்தபோது, லிஸ்ப்பின் வழித்தோன்றலான ஸ்கீம் மொழியை உலவிக்குள் வைக்கலாம் என்று ஆசைகாட்டியே அழைத்தது. அவர் வந்து சேர்ந்தபோது நிலைமை மாறியிருந்தது. ஜாவா மொழிக்கு அப்போது பெரும் பேர். புதுமொழி ஜாவாவைப் போல் தோற்றமளிக்க வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. அவ்வாண்டு மே மாதத்தில் பத்தே நாள்களில் அவர் முதல் வடிவத்தை முடித்தார். 'மோக்கா' என்று தொடங்கி, 'லைவ்ஸ்கிரிப்ட்' என்று மாறி, டிசம்பரில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று பெயர் நிலைத்தது. தோற்றம் ஜாவா, உள்ளுறை ஸ்கீம். வேடம் ஒன்று, பாடும் பாட்டு வேறு. சார்பைச் சார்புக்குக் கொடுக்கலாம், சார்பைச் சார்பு திருப்பித் தரலாம், பிறந்த இடத்தின் மாறிகளைச் சார்பு தன்னோடு எடுத்துச் செல்லலாம் என்னும் ஸ்கீமின் மூன்று வரங்களும் அதற்கு வாய்த்திருந்தன.

வாய்த்திருந்தும் நெடுங்காலம் அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. படிவத்தில் விடுபட்ட கட்டத்தைச் சுட்டிக்காட்டவும், திரையில் எழுத்துகளை ஓடவிடவும் பயன்படும் சில்லறை மொழியாகவே அது கருதப்பட்டது. 2004இல் ஜிமெயிலும், 2005இல் கூகுள் வரைபடமும் வந்தபிறகே உலவிக்குள் முழுமையான மென்பொருள் இயங்கக்கூடும் என்று உலகம் உணர்ந்தது. 2009 டிசம்பரில் வெளிவந்த ஐந்தாம் பதிப்புத் தரநிலை, மேப், ஃபில்டர், ரெட்யூஸ் என்னும் மூன்று கருவிகளைப் பட்டியல்களுக்குச் சேர்த்தது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, சார்பை ஓர் அம்புக்குறியால் சுருக்கமாக எழுத வழிசெய்தது. 2013இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட், திரையில் தோன்றுவது அனைத்தும் தரவின் சார்பு என்ற கருத்தின் மீதே எழுந்தது. அதன் முதல் மாதிரியை ஜோர்டன் வாக் எழுதிப்பார்த்தது எம்.எல். குடும்பத்து மொழி ஒன்றில். 1995இல் வேடமிட்டு நுழைந்தது, இருபது ஆண்டுகளில் வேடத்தைக் களைந்தது என்க.

*

வரலாறு நிற்க. இந்நுட்பங்கள் யாவை என்பதை நாமறிந்த பொருளைக் கொண்டே விளங்கிக்கொள்வோம். தமிழ் படித்தவர்க்குப் புணர்ச்சியைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

நிலைமொழி 'மரம்', வருமொழி 'வேர்' எனில் புணர்மொழி 'மரவேர்'. இன்று சொன்னாலும், நாளை சொன்னாலும், ஆயிரம் முறை சொன்னாலும் மரவேர்தான். புணர்ந்தபின் அகராதியில் 'மரம்' என்ற சொல் அழிந்துவிடுவதில்லை. அது அங்கேயே இருக்கிறது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விளைவு, புறத்தே எதையும் மாற்றாமை: இவ்விரண்டும் பொருந்தியதே தூய சார்பு.

இங்கே ஒரு தடை எழலாம். 'கை', 'பிடி' என்னும் இரு சொற்களைக் கொடுத்தால் 'கைப்பிடி' என்றும் வரும், 'கைபிடி' என்றும் வரும். உள்ளீடு ஒன்றாக இருக்க விளைவு இரண்டாவது எப்படி? கதவின் கைப்பிடி வேறு, கையைப் பிடி என்ற பொருளில் வரும் கைபிடி வேறு. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே உள்ளீடு இரண்டன்று, மூன்று. சொற்களுக்கிடையிலான தொடர்பு என்பது சொல்லாமல் மறைந்து நின்ற மூன்றாவது உள்ளீடு. அதனையும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டால் சார்பு மீண்டும் தூயதாகிவிடும். நிரல்களில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இப்படி மறைந்து நிற்கும் உள்ளீடுகளால் விளைபவை. எங்கோ ஒரு மாறியை எவரோ மாற்றியிருப்பார். விளைவு இங்கே பிறழும். சார்பு வழி நிரலாக்கம் கற்பிக்கும் முதல் ஒழுக்கம், மறைந்திருப்பதை வெளியே கொண்டுவந்து உள்ளீடாக வை என்பதே.

அடுத்து, 'மரம்' என்ற நிலைமொழியை மட்டும் கொடுத்து நிறுத்துவோம். இப்போது நம் கையில் இருப்பது புணர்மொழி அன்று, வருமொழிக்குக் காத்திருக்கும் ஒரு புதிய சார்பு. அதற்கு 'வேர்' கொடுத்தால் மரவேர், 'கிளை' கொடுத்தால் மரக்கிளை, 'அடி' கொடுத்தால் மரவடி. 'மரம்' என்பதை அது தன்னுள் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளீடுகளை ஒவ்வொன்றாக ஏற்கும் இந்த உத்திக்கு ஹாஸ்கெல் கர்ரி என்ற தருக்கவியலாரின் பெயரால் 'கர்ரியிங்' என்று பெயர். ஹாஸ்கெல் மொழிக்குப் பெயர் தந்தவரும் அவரே. ஆனால் அவருக்கு முன்பே மோசஸ் ஷோன்ஃபிங்கெல் என்பார் 1924இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வுத்தி உள்ளது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இதை இரண்டு அம்புக்குறிகளால் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

மூன்றாவது, சார்புகளைத் தொடுத்தல். ஒன்றின் விளைவு அடுத்ததன் உள்ளீடாகும். ஓர் அடியின் அந்தம் அடுத்த அடியின் ஆதியாகும் அந்தாதித் தொடையை நினைத்துக்கொண்டால் போதும். இதற்கு யாப்பே தக்க களம். அலகிடுதல் என்பது என்ன? சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கிறோம். எழுத்துகளைக் குறில், நெடில், ஒற்று என்று இனங்காண்கிறோம். அவற்றை நேர், நிரை என்று அசைகளாகத் திரட்டுகிறோம். அசைகளுக்கு வாய்பாடு சொல்கிறோம். நான்கு சார்புகள், ஒரே தொடுப்பு.

திருவண்ணாமலைக்கு அருகில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள 'வேங்கிக்கால்' என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்ட்டிடம் இச்சொல்லின் நீளம் கேட்டால் 12 என்று விடை வரும். நமக்கு வே, ங், கி, க், கா, ல் என ஆறு எழுத்துகளே. காரணம் எளியது. ஒருங்குறியில் வகரமும் ஏகாரக் குறியும் தனித்தனி, ஙகரமும் புள்ளியும் தனித்தனி. இப்படி ஒவ்வோர் எழுத்தும் இரண்டாக நிற்கிறது. ('தமிழ்' என்ற சொல்லுக்கு விடை 5. தகரத்துக்கு மட்டும் குறி இல்லை.) சரியான எண்ணிக்கையைப் பெற, பழைய முறையில் பூச்சியம் என்று ஒரு மாறியை வைத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, குறியல்லாதது வரும்போதெல்லாம் மாறியை ஒன்று கூட்டிச் செல்ல வேண்டும். சார்பு வழியில் சொல்ல வேண்டியது ஒன்றே: குறிகளை வடிகட்டி, எஞ்சியதை எண்ணு. ஃபில்டர் என்பது இந்த வடிகட்டல்தான். எப்படிச் செய்வது என்பதைச் சொல்லாமல் எது வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் முறை இது.

எழுத்துகள் கிடைத்தபின் ஒவ்வொன்றையும் நெடில், ஒற்று, குறில், ஒற்று, நெடில், ஒற்று என்று பெயர் மாற்றுவது மேப். ஆறு போனால் ஆறு வரும். அவற்றை இடமிருந்து வலமாகச் சேர்த்து அசைகளாகத் திரட்டுவது ரெட்யூஸ். ஆறு போனால் மூன்று வரும்: வேங், கிக், கால். நேர் நேர் நேர். வாய்பாட்டுப் பட்டியலில் தேடினால் தேமாங்காய். குற்றியலுகரம், ஆய்தம் முதலியவற்றுக்கு மேலும் விதிகள் வேண்டும். அவற்றையும் தனித்தனிச் சார்புகளாக எழுதி இடையில் செருகினால் போதும், மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. வினோத் ராஜன் உருவாக்கிய 'அவலோகிதம்' என்ற மென்பொருள் தமிழ்ப் பாக்களை இவ்வாறு அலகிட்டுக் காட்டுவதை யாப்பில் ஈடுபாடுடையோர் பலர் அறிவர்.

ஜாவாஸ்கிரிப்ட் முற்றிலும் தூய மொழி அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டியலை வரிசைப்படுத்தும் அதன் 'சார்ட்' புதுப் பட்டியலைத் தருவதுபோல் தோன்றினாலும் மூலப் பட்டியலையே கலைத்துவிடும். எண்களையும் சொற்களாகவே ஒப்பிடுவதால், விதி எதுவும் கூறாவிட்டால் 9க்கு முன்னால் 10ஐ வைக்கும். மூலத்தைத் தொடாத 'டு சார்ட்டட்' என்ற மாற்று 2023ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. ஹாஸ்கெலில் மொழியே காவல் நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுபவரே தமக்குக் காவல்.

இவற்றைக் கண்டு, தொல்காப்பியரே சார்பு வழி நிரலாக்கத்தைக் கண்டுபிடித்தார் என்று மேடையேறிவிடலாகாது. எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களும் ஒரு மொழியின் இயல்பை விளக்க எழுந்தவை, பொறிக்குக் கட்டளையிட எழுந்தவை அல்ல. நாம் சொல்ல வருவது வேறு. விதிகளை உள்ளீடு, விளைவு என்று பார்க்கும் பயிற்சி தமிழ் இலக்கணம் கற்ற மாணவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பயிற்சியின் மேல் புதியதைக் கட்டலாம்.

*

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் நெடுங்காலம் ஸ்டார் ஆஃபிஸ், சி++ என்ற இரண்டுக்குள் அடங்கியிருந்தது. கடிதம் தட்டச்சு செய்வதும் அட்டவணை போடுவதும் கணினி அறிவியலின் பாதியாகக் கருதப்பட்ட காலம் அது. 2017இல் அமைக்கப்பட்ட கலைத்திட்டக் குழுவுக்கு அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமை ஏற்றார். 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டின் ஏற்பாடுகளில் முன்னின்றவர் அவர். 2018–19இல் பதினோராம் வகுப்புக்கும், 2019–20இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய நூல்கள் வந்தன.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலைத் திறந்தவர்கள் வியந்திருப்பர். பைத்தான் மொழி பின்னால் வருகிறது. அதற்கு முன்பே, முதல் இயலிலேயே, தூய செயற்கூறு எது, தூய்மையற்றது எது, பக்கவிளைவு என்றால் என்ன என்பவை விளக்கப்படுகின்றன. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தருவது தூயது. அழைக்கும்போதெல்லாம் வேறு எண்ணைத் தரும் ரேண்டம் தூய்மையற்றது. மீப்பெரு பொது வகுத்தி காணும் நிரல் தற்சுழற்சியாக, எம்.எல். குடும்ப மொழிகளின் சாயலுடைய குறிமுறையில் எழுதப்பட்டிருக்கிறது. நிறம் மாறும் பச்சோந்திகளின் புதிர் ஒன்றும் உண்டு. அடுத்த இயல் தரவு அருவமாக்கம். பொருளை ஆக்கும் செயற்கூறு, பொருளிலிருந்து பகுதியை எடுக்கும் செயற்கூறு என்ற பகுப்பு அங்கே வருகிறது. மெக்கார்த்தி, பேக்கஸ், மில்னர் முதலியோர் வழிவந்த சிந்தனை வேங்கிக்காலிலோ செங்கத்திலோ போளூரிலோ தமிழ்வழியில் பயிலும் மாணவியின் கைக்கு, அரசு அச்சிட்ட நூலில், அவள் மொழியிலேயே வந்து சேர்ந்தது. தமிழில் அறிவியல் எழுதப்பட்ட வரலாற்றில் இதை ஒரு குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகவே நாம் கருத வேண்டும். அப்படி எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

வந்த பின் என்ன ஆயிற்று? இங்கேதான் நம் வருத்தம் தொடங்குகிறது.

முதலாவது, பிரிவு. ஜாவாஸ்கிரிப்ட்டும் நம் பாடநூலில் உண்டு. ஆனால் அது இருப்பது பதினோராம் வகுப்புக் 'கணினிப் பயன்பாடுகள்' நூலில். பெரும்பாலும் வணிகவியல் பிரிவினர் எடுக்கும் பாடம் அது. தூய செயற்கூறோ அறிவியல் பிரிவினரின் 'கணினி அறிவியல்' நூலில். ஒருத்திக்குக் கருத்து கிடைத்தது, அதை எழுதிப்பார்க்கக் கையில் எளிய மொழி இல்லை. மற்றொருத்திக்கு மொழி கிடைத்தது, அதன் உயிரான கருத்து கிடைக்கவில்லை. ஒரே பள்ளியின் இரு வகுப்பறைகளில் சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தேர்வு. தூய்மைக்கும் தூய்மையின்மைக்கும் வேறுபாடு எழுதுக என்று ஒரு வினா வரும். அட்டவணையாக மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வரும். எழுதிப்பார்க்காத இலக்கணம் போல, ஓட்டிப்பார்க்காத நிரலும் நினைவிலிருந்து ஆறு மாதத்தில் உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, மொழி. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலுமே இடம்பெற்றன. கணினியியல் இல்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் மாணவர், தாம் தமிழில் கற்றதையே ஆங்கிலத்தில் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறார். 'ப்யூர் ஃபங்ஷன்' என்று பேராசிரியர் சொல்லும்போது, இது நாம் படித்ததுதானே என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அறிந்ததை அறியாததாக எண்ணி அஞ்சும் நிலை கல்வியில் மிகக் கொடியது. நம் வகுப்பறைகளில் இவ்வச்சத்தை ஆண்டுதோறும் காண்கிறோம்.

*

செய்யத்தக்கது என்ன? பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை என்பதே ஜாவாஸ்கிரிப்ட்டின் சிறப்பு. ஹாஸ்கெலுக்கு நிரல்பெயர்ப்பியை நிறுவ வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு உலவி இருந்தால் போதும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய கணினியானாலும் சரி, உலவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் நிரல் எழுதும் பலகை விரியும். மாறிகளுக்கும் சார்புகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம் என்பது பலர் அறியாத செய்தி. 1999ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலிருந்தே ஜாவாஸ்கிரிப்ட் ஒருங்குறி எழுத்துகளாலான பெயர்களை ஏற்கிறது. மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டுமே ஆங்கிலம். 'புணர்', 'அலகிடு', 'வடிகட்டு' என்றே சார்புகளுக்குப் பெயர் வைக்கலாம்.

தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரு பிற்பகல் சேர்ந்து அமர்ந்தால், நேரிசை வெண்பாவுக்குத் தளை காணும் நிரலை மாணவர்களோடு எழுதிவிடலாம். தமிழ் மாணவருக்கு யாப்பு தெளியும், கணினி மாணவருக்குத் தொடுப்பு தெளியும். வணிகவியல் மாணவியின் மொழியும் அறிவியல் மாணவியின் கருத்தும் அங்கே சந்திக்கும்.

சொல்லைப் பொறுத்தவரை நம் முன்மொழிவு இது. இரண்டில் ஒன்றை ஒழித்துத் தரப்படுத்த வேண்டா. இரண்டையும் வைத்துக்கொண்டு பொருளைப் பங்கிட்டுக் கொடுப்போம். திரையில் எழுதுவது, கோப்பை அழிப்பது, மாறியை மாற்றுவது ஆகியவை செயற்கூறு. உள்ளீட்டை மட்டும் சார்ந்து விளைவு தருவது சார்பு. அப்படியானால் இம்மரபின் பெயர் 'சார்பு வழி நிரலாக்கம்'. பத்தாம் வகுப்புக் கணக்கில் கற்ற சார்பும், பன்னிரண்டாம் வகுப்பில் கற்கும் தூய செயற்கூறும் ஒன்றே என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கும். கல்லூரியில் 'ப்யூர் ஃபங்ஷன்' என்ற ஒலி காதில் விழும்போது, பதினைந்து வயதில் கணக்குப் புத்தகத்தின் முதல் இயலில் படித்ததுதான் இது என்று அம்மாணவிக்கு நினைவு வரும்.

ஆங்கிலம் வழியே இதைக் கற்பவர், ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் இருப்பதை அறியச் சில ஆண்டுகள் உழைக்கிறார். தமிழ்வழி மாணவிக்கு இரண்டு சொற்களும் பாடநூலிலேயே அச்சாகிக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான் எஞ்சியிருக்கும் வேலை. அது அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை அன்று.